படிக்கு அடியில் கிடந்த தூள்

மரக்கிடங்கில் எல்லோரும் அவளைத் தூளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதற்கு நேரே கையெழுத்துப் போடும்போது, யாரோ ஒருத்திக்காகப் போடுவதுபோல அவளுக்கே தோன்றும்.

கணவர் அதே கிடங்கில் அளவு பார்ப்பவராக இருந்தார். காதில் பென்சில், கையில் டேப், அதுதான் அவர். ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் மத்தியானத்துக்குள் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ஒரு மாதம் கழித்து முதலாளி ஆள் அனுப்பினார். "வீட்டுல சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு இங்க வந்து பெருக்கச் சொல்லு" என்று சொல்லியனுப்பினார். நல்லதைக்கூடத் திட்டுகிற குரலில் சொல்வதுதான் அவர் வழக்கம்.

வந்தாள். பெருக்கினாள். பெருக்கிப் பெருக்கியே மரத்தைப் படித்தாள். அறுவை இயந்திரத்துக்குக் கீழே விழும் தூள் மரத்துக்கு மரம் வேறு. தேக்குத் தூளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், விரலில் ஒட்டும். வேப்பந்தூள் தொண்டைக்குள் இறங்கிக் கசக்கும். வேங்கைத் தூளில் தண்ணீர் பட்டால் தரையெல்லாம் கறை. மாமரத் தூள் வெளுப்பாக, மணமோ குணமோ இல்லாமல் துடைப்பத்துக்கு முன்னால் பறந்து ஓடும். ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கு நடுவில் தேய்த்து இன்ன மரம் என்று சொல்லிவிடுவாள். அப்படி வந்த பெயர்தான் தூளக்கா.

அதைவிடப் பெரிய படிப்பு கிடங்குக்குப் பின்னால் நடந்தது. துண்டு துக்காணியெல்லாம் அங்கே ஈர மண்ணில் கொட்டிக் கிடக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அதை அள்ளிச் சுத்தம் செய்வது அவள் வேலை. மாமரத் துண்டு ஒரே மழைக்காலத்தில் கரையானுக்கு இரையாகி, தூக்கினால் ஓடு மட்டும் கையில் வரும். பக்கத்திலேயே ஐந்து வருஷமாகக் கிடந்த வேங்கைத் துண்டை மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தால், நேற்று அறுத்ததுபோல் இருக்கும். தேக்கிலும் ஒரு சூது உண்டு என்று அங்கேதான் கண்டுகொண்டாள். நடுவிலிருக்கும் வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சி சீண்டாது. அதைச் சுற்றி ஓரத்தில் வெளுப்பாக ஒரு பட்டை இருக்குமே, அது தேக்கு என்று பெயர்தான். வண்டு அதைச் சோறுபோலத் தின்னும்.

ஐந்தாறு வருஷத்தில் மரம் வாங்க வருகிறவர்கள் அவளைத் தேடிவர ஆரம்பித்தார்கள். என்ன மரம் வேண்டும் என்று அவள் கேட்கவே மாட்டாள். "எங்க வைக்கப் போறீங்க? வெயில்லயா, மழையிலயா, வீட்டுக்குள்ளயா? காலு மண்ணுல படுமா?" என்றுதான் தொடங்குவாள். ஒருவர் தோட்டத்து வாசல் கதவுக்கு மாமரப் பலகை போதும் என்றார். "தாராளமா வாங்கிக்கங்க சார். கரையானுக்கு விருந்து வைக்கறதுன்னா நல்ல இலையாத்தான் போடணும்" என்றாள். அவர் சிரித்துவிட்டு வேங்கை வாங்கிப் போனார். அவளுக்கு வாய் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வாய் பொய் சொல்லாது என்பதும் தெரியும்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். நான்கு வயது இளையவன். மரவேலைக்காரன். அவன் இழைத்த பலகையில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம். அப்படிப்பட்ட கை. கைக்குப் பொருத்தமான பேச்சும் உண்டு. அவனிடம் முக்காலி கேட்டு வந்தவர்கள் கட்டிலுக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவனுக்கு இருந்த ஒரே குறை அவசரம். மரத்தைத் தேடி எடுக்கப் பொறுமை கிடையாது.

"மரம் எதுவா இருந்தா என்னக்கா, வேலை பேசும்" என்பான்.

"பேசும்டா. பத்து வருஷம் கழிச்சும் பேசுமா?" என்பாள் அவள்.

இந்தச் சண்டை அவர்களுக்கு விளையாட்டு. நல்ல பலகை வந்தால் அவனுக்காக ஒதுக்கி, சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு மூலையில் நிறுத்திவைப்பாள். அவன் வந்து டீ குடித்துவிட்டு, கோட்டைப் பார்த்து எடுத்துப் போவான். கணவர் போன பிறகு அவள் மனம்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்த டீ நேரத்தில்தான்.

ஒருநாள் முற்பகலில் ஒரு கணவனும் மனைவியும் கிடங்குக்கு வந்தார்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு வாசல்கதவு நிலை செய்யக் கொடுத்திருக்கிறார்களாம். அதே நிறத்தில் ஜன்னலுக்கும் மரம் வேண்டுமாம். மாதிரிக்கு ஒரு துண்டு கொண்டுவந்திருந்தார்கள். அவள் அதை வாங்கி, கையில் எடை பார்த்து, சாவியால் ஓரத்தைச் சுரண்டினாள். பழுப்புச் சாயம் உரிந்து, உள்ளே வெளேரென்று இருந்தது.

"இது வெள்ளைங்க. தேக்குதான், ஆனா ஓரத்துக் கட்டை. மேல சாயம் பூசியிருக்கு. உள் அலமாரிக்குன்னாலே யோசிக்கணும், வாசலுக்கு ஆகவே ஆகாது..."

அந்த இடத்தில்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிடங்கு வாசலில் தம்பி வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அது யார் செய்த நிலை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர்களை உட்காரவைத்துவிட்டு, அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்திக் குடுடா" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தனக்குத் தெரிந்ததைச் சொல்லும்போது அவளுக்குள் ஒரு சூடு ஏறும், அது ஏறியிருந்தது.

"ரெண்டு மழைக்குத் தாங்காது" என்று முடித்தாள். "செஞ்சவரு உங்களை ஏமாத்திட்டாரு."

ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். "அட, இவருதாங்க செஞ்சவரு" என்றார்.

தம்பி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அந்த வேலை அவன் கையைவிட்டுப் போனது. அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் பேசிவைத்திருந்த பெஞ்சு வேலையும் போனது. அவள் அவன் வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்தது தம்பி மனைவி. உள்ளேயிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. "ஊரே கேக்கற மாதிரி சொல்லிட்டால்ல? இனிமே இங்க வந்து என்ன மெதுவாப் பேசறது? போகச் சொல்லு."

மூன்று வருஷம் பேச்சில்லை. அவள் சொன்னதில் பொய் இல்லை, அது அவனுக்கும் தெரியும். பொய்யாக இருந்திருந்தால் என்றைக்கோ சமாதானம் ஆகியிருப்பார்கள்.

அந்த மூன்று வருஷத்தில் அவன் கிடங்குப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வேறெங்கெங்கோ மரம் எடுத்தான். வீட்டுக்கு மேலே ஓர் அறை கட்டினான். அதற்கு வெளிப்பக்கமாக மரப்படிக்கட்டு ஒன்றைத் தானே செய்து மாட்டினான். லாரியில் வைத்து விற்கும் ஒருவரிடம் மொத்தமாகப் பலகை வாங்கினான் என்று அவள் காதுக்கு வந்தது. 'நல்லதா இருந்தாச் சரி' என்று நினைத்துக்கொண்டாள். கோடு போட்டு ஒதுக்கிவைக்கும் பழக்கம் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை. இரண்டு வாரம் மூலையில் நிற்கும். பிறகு ஈரத்துணியால் கோட்டைத் துடைத்துவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். மகளுக்கு ஆறு வயது. கடைசியாகப் பார்த்தபோது மழலை பேசிக்கொண்டிருந்தவள்.

"அண்ணி, இவ பள்ளிக்கூடத்துல குடும்பப் படம் வரையச் சொன்னாங்களாம். அத்தைன்னு ஒருத்தங்க இருக்காங்க, ஆனா மூஞ்சி தெரியாதுன்னு சொல்லியிருக்கா. அவரு அதைக் கேட்டுட்டு உளியக் கீழ வெச்சிட்டாரு. அப்புறம், 'போய்க் கூட்டிட்டு வா'ன்னாரு. வாங்க அண்ணி."

அன்று மத்தியானமே போனாள். தம்பி வாசலில் நின்றிருந்தான். முன்னந்தலையில் நரை விழுந்திருந்தது. "வாக்கா" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு அவள் மூன்று வருஷம் காத்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"மேல ரூம் கட்டியிருக்கேன், வந்து பாரு" என்று சொல்லி அவன் முன்னால் ஏறிப்போனான். மேலே தகரக்கூரை போட்ட படிக்கட்டு. கைப்பிடி பாம்புபோல வழவழவென்று வளைந்து ஏறியது. அவன் கைதான் அது, சந்தேகமில்லை. அவள் முதல் படியில் காலை வைத்தபோது கண் வழக்கம்போலத் தரைக்குப் போனது. இத்தனை வருஷம் பெருக்கியவளின் கண் வேறு எங்கே போகும்?

மூன்றாவது படிக்கு நேர்கீழே, சுவரோரத்தில், வெளுப்பாக ஒரு சிறு குவியல். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். மாவுபோல இருந்தது. நெருநெருப்பே இல்லை. அறுவைத் தூள் இப்படி இருக்காது. கரையான் என்றால் மண் இருக்கும். இது வண்டு உள்ளே உட்கார்ந்து தின்று வெளியே தள்ளிய தூள். பழையதும் இல்லை, இன்றோ நேற்றோ விழுந்தது. படிகளைத் தாங்கும் பக்கப்பலகையைத் தடவினாள். சாயத்துக்கு மேல் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள் தட்டுப்பட்டன. பலகையின் கால் நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. கீழே கல் இல்லை, ஒன்றும் இல்லை.

மேலேயிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். "என்னக்கா, அங்கயே நின்னுட்ட?"

நாக்கு நுனியில் வந்துவிட்டது. 'டேய், இது உளுத்துப்போச்சுடா.' மூன்றே வார்த்தை. ஆனால் வீட்டுக்குள் கால் வைத்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்தா தொடங்குவது? அவன் முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பு மறுபடியும் அணைந்துபோய்விட்டால்?

"ஒண்ணுமில்லடா. மூச்சு வாங்குது" என்றாள்.

சுவரோரமாகப் பாதத்தை வைத்து மெதுவாக ஏறினாள். அறையைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகள் ஒரு படம் வரைந்தாள். அதில் அத்தைக்குத் துடைப்பத்தைவிடச் சின்னக் கால். எல்லோரும் சிரித்தார்கள். டீ குடித்தார்கள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே இறங்கிவந்தாள்.

அடுத்த வாரமும் போனாள், சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் கடையில் மரப்பூச்சி மருந்து ஒரு டப்பா வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். சும்மா கிடங்கிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். அன்றைக்கு அவன் அவளைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தான். "எங்கக்கா ஒரு பலகையப் பாத்தா அதோட தாத்தா பேரக்கூடச் சொல்லிடுவா" என்றான். டப்பா பையோடு திரும்பிவந்து அவள் வீட்டு அலமாரியில் உட்கார்ந்தது. பேச வேண்டாத நேரத்தில் பேசித் தொலைத்தவள், பேச வேண்டிய நேரத்தில் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

நடுவில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட மூன்றாம் நாள் காலையில், மனைவியின் தையல் இயந்திரத்தை மேலறைக்குக் கொண்டுபோக அவன் தனியாகத் தூக்கினான். ஏழாவது படியோ எட்டாவது படியோ. பக்கப்பலகை சுவரைவிட்டு அப்படியே கழன்று முறிந்தது. தம்பி மனைவி குழாயடியில் இருந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அவன் கல்தரையில் மல்லாக்கக் கிடந்தான். இயந்திரம் நெஞ்சின்மேல் கிடந்தது. "வலிக்கலை, வலிக்கலை" என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். வலிக்காததுதான் கெட்ட செய்தி என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே இனிமேல் உணர்வு இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

அவர்கள் மருத்துவமனையில் இருந்த நாட்களில் தூளக்கா தம்பி வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த படிக்கட்டைப் பிரித்தாள். கடப்பாரை தேவைப்படவில்லை. மண்ணுக்குள் இருந்த கால் சாணிபோலப் பிய்ந்தது. பலகையைக் கையால் ஒடித்தாள். உள்ளேயிருந்து மாவாகக் கொட்டி அவள் முழங்கைவரை வெள்ளையானது. மேலே இருந்த சாயமும் மெருகும் மட்டும் கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தன. அந்தத் தூளை அவள் பெருக்கவில்லை. நெடுநேரம் அதன் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சக்கர நாற்காலி வாசலைத் தாண்ட ஒரு சாய்வுப் பலகை வேண்டும் என்றார்கள். கிடங்கில் ஒரு முழுநாள் அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு பலகையின் வெட்டுமுனையையும் ஈரம் தொட்டுப் பார்த்தாள், தட்டினாள், மோந்தாள், வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தில் வெளுப்பு இருக்கிறதா என்று தேடினாள். முதலாளி வந்து நின்றார்.

"பொண்ணு பாக்கறவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க. எடுத்துட்டுப் போ, சும்மா" என்றார்.

"இன்னொரு தடவை தப்பக் கூடாது முதலாளி" என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

முழு வைரமான வேங்கையில் பலகை. மண் படாமல் கீழே கல் பதித்து, தண்ணீர் நிற்காமல் பலகைக்குப் பலகை விரல் இடைவெளி விட்டு, வேறொரு மரவேலைக்காரரைக் கொண்டு, பக்கத்திலேயே நின்று செய்துவாங்கினாள். கட்டிலுக்குக் காய்ந்த வேம்பு. தம்பி நாற்காலியில் வந்து இறங்கிய அன்று, சாய்வுப் பலகையைக் குனிந்து கையால் தடவிப் பார்த்தான். "நல்ல மரம்" என்றான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தினமும் வேலை முடிந்ததும் அவள் அங்கே போவாள். தம்பி மனைவி மடியில் துணியை வைத்துக்கொண்டு கையாலேயே தைத்துக்கொண்டிருப்பாள். அந்த இயந்திரம் மறுபடி ஓடவில்லை. விடுமுறை நாட்களில் தூளக்கா தம்பியைக் குளிப்பாட்ட உதவுவாள். நாலு மாதம் ஆன பிறகு, ஒரு மத்தியானம் அவன் காலைத் தன் மடியில் எடுத்துவைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். தன் கால் என்ற உணர்வே இல்லாமல் அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளால் அதற்குமேல் சுமக்க முடியவில்லை.

"டேய், அந்தத் தூளை நான் பாத்தேன்டா. முதல் நாளே பாத்தேன். வண்டுன்னு தெரியும். சொல்லலை."

அவன் சாதாரணமாகச் சொன்னான். "தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீ குனிஞ்சு எடுத்ததை நான் மேலருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். விரல்ல தேச்சுப் பாத்த. பலகையத் தடவின. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நானும் அந்தத் தூளப் பாத்திருந்தேன். வண்டா, இல்ல என் வேலைத் தூளே காத்துல வந்து சேந்துச்சான்னு ஒரு சந்தேகம். சரி, அக்கா வர்றால்ல, அவ சொல்லட்டும்னு இருந்தேன்."

கத்தரி அவள் கையில் நின்றுவிட்டது.

"நீ மூச்சு வாங்குதுன்ன. மேல வந்த. நல்லா இருக்குன்ன. அப்ப ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டேன்" என்றான். "யார் யாருக்கோ மூஞ்சிக்கு நேரா சொல்றவ, எனக்குச் சொல்லாமப் போவாளான்னு நினைச்சேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அப்படிச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் அழ ஆரம்பித்தாள். அவன் கையை நீட்டி அவள் தலையில் வைத்தான். "நான்தானேக்கா உன்ன அப்படிப் பண்ணினேன். மூணு வருஷம் பேசாம இருந்து உன் வாயை அடைச்சது நான்தானே" என்றான்.

அடுப்படியில் பாத்திரம் துலக்கும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

தம்பி மனைவி மறுநாள் தூளக்கா வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவரு மன்னிச்சிட்டாரு. அது உங்க ரத்தம், மன்னிக்கும். என் பொண்ணு அந்தப் படியில தினம் பத்துத் தடவை ஏறி இறங்கினா அண்ணி. ஒத்தக் கால்ல நொண்டி விளையாடிக்கிட்டே இறங்குவா. நீங்க உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு அதையும் பாத்துட்டிருந்தீங்க."

அந்த நிமிஷம்வரை தூளக்கா அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. தம்பி முகம் வாடக் கூடாது என்பது ஒன்றைத்தான் நினைத்திருந்தாள். ஓடியாடிய அந்தச் சின்னக் கால்கள் அவள் கணக்கில் வரவே இல்லை. கையில் கொண்டுபோன பழப்பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

தம்பி கேட்டுக்கொண்டதால் வாரத்துக்கு ஒருநாள் வர அனுமதி கிடைத்தது. அந்த நேரத்தில் தம்பி மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவாள். தம்பியின் முதுகில் படுக்கைப்புண் வந்தது. ஆறியதுபோல் ஆறி மறுபடி வந்தது. கடைசியில் அது ரத்தத்தில் கலந்து காய்ச்சலானது. விழுந்து பதினாறு மாதம் கழித்து, மருத்துவமனையில், விடிந்து சற்று நேரத்தில் போய்ச் சேர்ந்தான். தூளக்காவுக்குத் தகவல் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர். அவள் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள். யாரும் எழுந்து போ என்று சொல்லவில்லை. யாரும் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி மனைவி கிடங்கு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அம்மா வீட்டோட போறோம் அண்ணி. அங்க ஒரே ரூம்தான் குடுத்திருக்காங்க. கீழ்த்தளம், சுவத்துல ஈரம், கரையானும் இருக்குன்னாங்க. வீட்டுல இருக்கறது எல்லாம் அவரு செஞ்சது. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போக முடியாது. எது தாங்கும்னு எனக்குத் தெரியலை." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீங்க வந்து சொல்லணும். உள்ளத உள்ளபடி."

தூளக்கா போனாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அலமாரியைச் சாய்த்து அடியைச் சுரண்டினாள். "இது வெள்ளை. வேணாம்." துணிப்பெட்டி. "இது பலா. நல்லது. கீழ கல்லு வெச்சு வை, சுவத்தோட ஒட்டாம வை." முக்காலி, கண்ணாடிச் சட்டம், பாத்திர அடுக்கு. தம்பியின் கைவேலை எவ்வளவு அழகோ அவ்வளவு உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. மெருகுக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பாதிக்குமேல் வேணாம் என்ற பக்கத்துக்குப் போயின. ஒவ்வொன்றையும் சொல்லும்போது, இறந்தவனைச் சபையில் நிறுத்தி இன்னொரு தடவை அவமானப்படுத்துவதுபோல அவளுக்கு இருந்தது. ஆனாலும் சொன்னாள். சொல் தடுமாறவில்லை.

கடைசியாக மகள் தன் படிப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கென்று அப்பா செய்தது. இழுப்பறையின் முகப்பில் ஒரு அணில் செதுக்கியிருந்தான்.

"அத்தை, இது?"

தூளக்கா மண்டியிட்டு மேசையின் காலைத் தொட்டாள். தொடும்போதே தெரிந்துவிட்டது. மாமரம். ஒரு காலின் உட்புறத்தில் நாலைந்து ஊசி ஓட்டைகள் இருந்தன. தம்பி மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தாங்காதும்மா" என்றாள். "இதுல ஏற்கெனவே வண்டு இருக்கு. கொண்டுபோனா மத்ததுக்கும் பரவிடும்."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்பா செஞ்சது அத்தை."

"தெரியும்டா கண்ணு."

"அந்த அணிலை மட்டும்?"

தூளக்கா இழுப்பறையை உருவி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். முகப்புப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நகத்தால் அழுத்தினாள், காதோடு வைத்துத் தட்டினாள். அதுவும் அதே மாமரம்தான். ஓட்டை இல்லை, இன்னும் வரவில்லை. வராது என்று சொல்ல முடியாது. அதையும் அப்படியே சொன்னாள். தம்பி மனைவி வந்து இழுப்பறையை அவள் கையிலிருந்து வாங்கி, வேணாம் என்று ஒதுக்கிய குவியலின்மேல் வைத்தாள்.

"அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மகளிடம் சொன்னாள். தூளக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மகள் அப்போதுதான் அழுதாள். அம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, கால் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. சின்ன லாரியில் கட்டிலும் பெட்டியும் இன்னும் நாலைந்து சாமான்களும் ஏறின. தம்பி மனைவி முன்னால் ஏறி உட்கார்ந்தாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. அம்மா வீட்டு முகவரியைச் சொல்லவும் இல்லை. தூளக்கா கேட்கவும் இல்லை.

லாரி போன பிறகு, ஒதுக்கிப்போட்டதையெல்லாம் அவள் ஒருத்தியாகவே முற்றத்துக்கு இழுத்து வந்தாள். பூச்சி விழுந்த மரத்தை யாரும் எடுத்துப்போக விடக் கூடாது, எரித்துவிட வேண்டும். அலமாரி, அடுக்கு, மேசை. இழுப்பறையையும் வைத்தாள். தீ பிடித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிடித்த பிறகு சீக்கிரமே எரிந்து முடிந்தது. அந்த மரம் அப்படித்தான், கனமே இருக்காது.